ஆன்லைனில் காட்டியது ஒரு விலை, கேட்பது இன்னொரு விலை: மலையில் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

போன டிசம்பரில், உறைபனி பிடித்த வாரத்தில், என் மாமியாருக்காக ஆன்லைனில் ஒரு ஆயில் ஹீட்டர் வாங்கினேன். விலை 7,499 ரூபாய், டெலிவரி இலவசம் என்று போட்டிருந்தது. பணம் கட்டிவிட்டேன். நாலாம் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து போன் வந்தது.

“மேடம், பார்சல் வந்திருக்கு. கோத்தகிரிக்கு ஏத்தணும்னா 450 ரூபா தனியா ஆகும். இல்லன்னா நீங்களே கீழ வந்து எடுத்துக்கோங்க.”

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்று மலையில் எங்கே இருந்தாலும் இந்தப் போன் உங்களுக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். கீழே போய்வர பஸ் செலவும் அரை நாளும் ஆகும், குளிரோ தாங்கவில்லை, சரி போகட்டும் என்று பெரும்பாலும் கொடுத்துவிடுகிறோம். நான் கொடுக்கவில்லை. பார்சல் திரும்பிப் போனது, திரும்பி வந்த பணத்தில் 380 ரூபாய் குறைந்தது, அதையும் வாங்கி முடிக்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு அக்கம்பக்கத்தில் நாலைந்து பேருக்கு எழுதிக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்: விலைத் தகராறு எழுந்துவிட்டால், பணம் கட்டிய நிமிடத்தில் திரையில் இருந்த எண்ணுக்கு யாரிடம் ஆதாரம் இருக்கிறதோ அவர் பேச்சுதான் நிற்கும். அந்த எண் விற்பவருடைய கம்ப்யூட்டரில் எப்படியும் இருக்கும். நம் கையிலும் இருக்க வேண்டும்.

படி 1: முதலில் பின்கோடு, அப்புறம் விலை

பொருளைப் பார்த்ததும் விலையைப் பார்க்காதீர்கள். முதலில் உங்கள் பின்கோடைப் போடுங்கள். கோவை பின்கோடில் இலவச டெலிவரி காட்டும் அதே பொருள் கோத்தகிரியின் 643217 போட்டதும் 120 ரூபாய் கேட்கலாம், அல்லது வேறொரு விற்பனையாளருக்கு மாறி விலையே கூடியிருக்கலாம். மேட்டுப்பாளையத்துச் சொந்தக்காரர் முகவரி முன்பே ஆப்பில் இருந்தால் அந்த 641301-க்கான விலைதான் தெரியும், கடைசியில் முகவரியை மாற்றும்போதுதான் வித்தியாசம் வரும். அது ஏமாற்று இல்லை, முன்கூட்டியே காட்டியிருந்தால் அவர்கள் தூரத்துக்குக் கூடுதலாக வாங்கலாம். பணம் கட்டிய பிறகு போனில் கேட்பதுதான் தவறு.

படி 2: பணம் கட்டும் பக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்

இங்கே மூன்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாக வேண்டும். நான் இதை இப்போது பழக்கமாகவே வைத்திருக்கிறேன், 200 ரூபாய் சாமான் என்றாலும் விடுவதில்லை.

பொருளின் பக்கம் முதலாவது: விலை, போட்டிருக்கும் எம்ஆர்பி, விற்பவர் பெயர் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும். விற்பவர் பெயர் முக்கியம், ஏனென்றால் பெரிய தளங்களில் தளம் வேறு, உண்மையில் விற்பவர் வேறு. இரண்டாவது, ‘மொத்தம் கட்ட வேண்டியது’ என்று வரும் பக்கம், அதில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டு, விலை, டெலிவரி, கையாளும் கட்டணம் எல்லாம் பிரிந்து தெரியும்படி. மூன்றாவது, ஆர்டர் உறுதியான பக்கம். இந்த மூன்றிலும் மேலே போனின் நேரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அந்த இரண்டாவது பக்கத்தில் நீங்கள் கேட்காமலே ஏதாவது டிக் ஆகியிருக்கும். உடைந்தால் காப்பீடு 49 ரூபாய், நன்கொடை 5 ரூபாய், பரிசு உறை 30 ரூபாய் என்று. டிக்கை எடுத்துவிடுங்கள். நம் சம்மதத்தைத் தானாக டிக் போட்டு வாங்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. மொத்த விலையை ஒரே எண்ணாகவும், அதில் எது எதற்கு எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டு வந்த வழிகாட்டுதல்கள் இன்னும் தெளிவு. வாங்குபவரைச் சிக்க வைக்கும் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டு, அவை கூடாது என்கின்றன. கூடையில் கேட்காத பொருளை நுழைப்பது, முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுக் கடைசியில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, ‘இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் அதில் வருகின்றன. புகார் எழுதும்போது இந்த வழிகாட்டுதலின் ஆண்டைக் குறிப்பிட்டாலே பதிலின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 3: இது எந்த வகைத் தகராறு?

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எல்லாவற்றையும் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று எழுதினால் எதுவும் நடக்காது. வகைக்கு ஏற்ற மாதிரிதான் கேட்க வேண்டும்.

எம்ஆர்பிக்கு மேல் வாங்கியது. இதுதான் இருப்பதிலேயே உறுதியான வழக்கு. பொதி செய்த பொருளை அதில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது, வரியெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அரவேனுவில் ஒரு அக்காவுக்கு வந்த குக்கரில் இது நடந்தது. தளத்தில் ‘எம்ஆர்பி 3,200, உங்களுக்கு 2,350’ என்று போட்டிருந்தது. பெட்டியைத் திருப்பினால் ஓரத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், 3,200 என்று. ஸ்டிக்கரின் ஒரு மூலை மழை ஈரத்தில் லேசாகக் கிளம்பியிருந்தது, அதன் அடியில் அச்சிட்ட விலை 2,195. விலையைக் குறைப்பதற்காக ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுகூடப் பழைய விலையை மறைக்காமல் ஒட்ட வேண்டும். கூட்டுவதற்காக ஒட்டவே கூடாது. அக்கா கோபத்தில் ஸ்டிக்கரை உரித்து எறியப் போனார், நான் தடுத்து, மூலை கிளம்பிய நிலையிலேயே நாலு பக்கமும் படம் எடுக்க வைத்தேன். தளத்தில் அவர் செய்த புகாருக்கு மூன்றாம் நாள் 155 ரூபாய் திரும்பியது. இப்படிப்பட்டதைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவிடமும் புகார் செய்யலாம். ஆகவே எந்தப் பார்சல் வந்தாலும், பெட்டியைக் கிழித்துக் குளிருக்கு அடுப்பில் போடுவதற்கு முன் லேபிளை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

மறுநாள் விலை குறைந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதில் உங்களுக்குச் சட்டப்படி உரிமை எதுவும் இல்லை. நேற்று 1,800-க்கு வாங்கிய ஸ்வெட்டர் இன்று 1,200 என்றால் மனசு வலிக்கும்தான், ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்ட விலைக்குத்தான் வாங்கினீர்கள். தளமே ‘விலை குறைந்தால் வித்தியாசம் தருவோம்’ என்று எழுதி வைத்திருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் ஆர்டர் இன்னும் கிளம்பாமல் இருக்கும்போது ரத்து செய்துவிட்டுப் புது விலையில் போடுங்கள். வந்து சேர்ந்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்குவது நம் ஊருக்குச் சரிப்படாது. எடுக்க வருகிறேன் என்பவர் மழை, மண்சரிவு என்று வராமல் போய், திருப்பும் கெடு முடிந்து, இரண்டு ஸ்வெட்டருக்கும் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பணம் வாங்கிவிட்டு, ‘விலை தவறாகப் போட்டுவிட்டோம்’ என்று ரத்து செய்தது. இங்கே எவ்வளவு தவறு என்று பாருங்கள். 50,000 ரூபாய் லேப்டாப் 500 என்று விழுந்திருந்தால் அது தவறு என்று யாருக்கும் தெரியும், முழுப் பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள். ஆனால் 7,499 என்று விற்றுவிட்டு, 8,200 கொடுத்தால் அனுப்புகிறோம் என்று போனில் கேட்டால் அது வேறு. அப்படிக் கேட்டதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பேர் அத்தோடு பழைய விலைக்கே அனுப்பிவிடுவார்கள்.

‘ஜிஎஸ்டி தனி.’ இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் கடைகளில் இது அதிகம். விலை சொல்லி, ஜிபே வாங்குகிற நேரத்தில் 18 சதவீதம் கூட்டுவார்கள். ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்யாதவர் வரி என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. எண் 15 எழுத்து நீளம், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் பெயர் வந்துவிடும். நான் கேட்ட ஒரு கடையில் எண்ணும் வரவில்லை, வரியும் காணாமல் போனது.

பணம் போய்விட்டது, ஆர்டர் விழவில்லை. கரண்ட் போய் டவர் படுத்துவிடும் சாயங்காலங்களில் நமக்கு இது அடிக்கடி நடக்கும். பதறி உடனே இரண்டாவது தடவை கட்டிவிடாதீர்கள், அதற்குள் விலை வேறு மாறியிருக்கும். கடைக்குக் கட்டிய யுபிஐ பணம் நம் கணக்கில் போய், அங்கே உறுதியாகவில்லை என்றால், 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது. வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் சரியாக இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448.

படி 4: வாசலில் அல்லது போனில் கூடுதல் பணம் கேட்டால்

பார்சல் கொண்டு வரும் பையனிடம் சண்டை போடாதீர்கள். விலையை வைத்தவர் அவர் இல்லை, மழையில் வளைவு வளைவாக அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வருபவர் அவர். நான் அன்று சொன்னது இதுதான்: “அண்ணா, நீங்க கஷ்டப்பட்டு ஏத்திட்டு வர்றது தெரியும். ஆனா எனக்கு டெலிவரி இலவசம்னு போட்டுத்தான் வித்திருக்காங்க. 450 யார் வாங்கச் சொன்னாங்கன்னு ஒரு மெசேஜ் போடுங்க, நான் கம்பெனிகிட்ட பேசிக்கிறேன்.” மெசேஜ் வரவில்லை. பார்சல்தான் ‘வாடிக்கையாளர் வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பிப் போனது.

அங்கே நான் ஒரு தவறு செய்தேன். போன் வைத்த உடனே ஆப்பில் போய், ‘நான் மறுக்கவில்லை, கூடுதலாக 450 ரூபாய் கேட்டார்கள், இந்த நேரத்தில், இந்த எண்ணிலிருந்து’ என்று பதிந்திருக்க வேண்டும். மறுநாள்தான் பதிந்தேன், அதற்குள் அவர்கள் குறிப்பு முந்திவிட்டது, அதைக் காட்டித்தான் 380 ரூபாயைத் திருப்பி அனுப்பிய செலவு என்று பிடித்தார்கள். நீங்கள் அந்த நிமிடமே பதியுங்கள். சிக்னல் இல்லையென்றால் அழைப்புப் பட்டியலையாவது படம் எடுத்து வையுங்கள்.

மண்சரிவில் ரோடு அடைத்துத் தாமதமானால் விற்பவரைக் குறை சொல்ல முடியாது, விதிகளே அதற்கு விலக்கு கொடுக்கின்றன. ஆனால் ரோடு அடைத்தது விலையை ஏற்றக் காரணம் ஆகாது.

படி 5: போனில் பேசாதீர்கள், எழுதுங்கள்

போனில் ‘கண்டிப்பா பாத்துத் தர்றோம் மேடம்’ என்பார்கள், அது எங்கும் பதிவாகாது. பேசியே ஆக வேண்டும் என்றால், பேசி முடித்ததும் பேசியதைச் சாட்டில் ஒரு வரி எழுதுங்கள். எழுதுவதும் சுருக்கமாக இருக்கட்டும். என் முதல் புகார் ஒரு பக்கம் இருந்தது, மாமியாருக்கு மூட்டு வலி என்பதுவரை எழுதியிருந்தேன், வந்த பதிலில் 380 என்ற எண்ணே இல்லை. இரண்டாவது இப்படி எழுதினேன்:

“ஆர்டர் எண் இது. டிசம்பர் 11 அன்று 7,499 ரூபாய் கட்டினேன், டெலிவரி கட்டணம் 0 (படம் 1, 2). டிசம்பர் 15 காலை 10.40-க்கு உங்கள் டெலிவரி நிறுவனம் 450 ரூபாய் கூடுதலாகக் கேட்டது (படம் 3). நான் பொருளை மறுக்கவில்லை, கூடுதல் தொகையைத்தான் மறுத்தேன். திருப்பிய தொகையில் 380 ரூபாய் குறைகிறது. அந்த 380 ரூபாயை 7 நாளுக்குள் அதே கணக்கில் செலுத்த வேண்டும். இல்லையென்றால் உங்கள் குறைதீர் அலுவலரிடமும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்வேன்.”

கவனியுங்கள், கேட்பது ஒரே ஒரு தொகை, ஒரே ஒரு கெடு. ‘நியாயம் வேண்டும்’ என்று கேட்டால் 100 ரூபாய் கூப்பன் வரும். கூப்பனை வாங்கிக்கொண்டால் பல தளங்களில் புகார் ‘தீர்ந்தது’ என்று மூடிவிடும், ஆகவே வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, இது மிக முக்கியம். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். ஆப்பின் உள்ளே இருக்கும் எண் மட்டும்தான். தேடலில் வரும் போலி எண்ணில் பேசினால், ‘பணம் திருப்ப இந்த ஆப்பைப் போடுங்க, இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்பார்கள். பணம் நமக்கு வருவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை. தெரியாமல் போட்டுப் பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

படி 6: குறைதீர் அலுவலர்

ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருக்கும், தேடுங்கள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதே மெசேஜை அதே படங்களோடு அனுப்புங்கள், புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். கிடைக்கும் புகார் எண்ணை எழுதி வையுங்கள். எனக்கு இரண்டாம் நாள் ஒப்புகை வந்தது, இரண்டு வாரம் கழித்து ‘எங்கள் கொள்கைப்படி கழித்தது சரி’ என்று ஒரு வரி வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த படிக்கு அந்த ஒரு வரிதான் தேவைப்பட்டது.

படி 7: 1915

தேசிய நுகர்வோர் உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம். வாட்ஸ்அப்பில் 8800001915. ஆர்டர் எண், தளத்தின் புகார் எண், எவ்வளவு தொகை, இவை கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. ஒரு பதிவு எண் தருவார்கள், புகார் நிறுவனத்துக்கு நேராகப் போகும். இவர்கள் நீதிமன்றம் இல்லை, கட்டாயப்படுத்தி உத்தரவு போட முடியாது. ஆனாலும் சாட்டில் மெஷின் பதில் கொடுத்துக்கொண்டிருந்த அதே நிறுவனத்திலிருந்து, 1915-ல் பதிந்த ஆறாம் நாள், ஒரு மனிதர் எனக்குப் போன் செய்தார். ஒன்பதாம் நாள் 380 ரூபாய் வந்தது. சின்னத் தொகைத் தகராறுகள் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

படி 8: முடியவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம்

‘கோர்ட்டா? வேண்டாம்ப்பா’ என்று ஒதுங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது நிறைய எளிதாகிவிட்டது. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ‘தகராறுகள் பெங்களூரு நீதிமன்றத்துக்கு உட்பட்டவை’ என்று பில்லின் அடியில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. நீலகிரிக்காரர்களுக்கு ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம். தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறுவது யாராலும் முடியாது. அதனால் ஈ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவு செய்யுங்கள், விசாரணையை வீடியோவில் வைக்கும்படி மனு கொடுங்கள், சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. மனுவோடு வைக்க வேண்டியவை படி 2-ல் எடுத்த மூன்று படங்கள், பில், பெட்டியின் லேபிள் படம், பணம் போனதற்கும் வந்ததற்கும் வங்கிக் கணக்கின் பக்கம், குறைதீர் அலுவலரின் பதில், 1915 பதிவு எண். எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போடுங்கள். போனில் இருக்கும் ஸ்க்ரீன்ஷாட்டுகளை வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள், அந்த அக்காவின் போன் ஜூலை மழையில் நனைந்து போனபோது குக்கர் படங்கள் என் போனில் இருந்ததால்தான் மிஞ்சின.